ஒன்பதாவது குமிழ்

ஐசோலா பிளெட்ஸோ கீரை அலசிக்கொண்டிருந்தாள். காலர்ட் கீரைக்கு மூன்று தண்ணீர். முதல் தண்ணீர் மண்ணுக்கு, இரண்டாவது பூச்சிக்கு, மூன்றாவது சாப்பிட வருகிறவர்களின் வாய்க்கு. இன்று அவள் நான்காவது தண்ணீர் பிடித்தாள். தங்கை வெர்னெல் வருகிறாள் என்றால் நான்கு.

"சாயம் போயிடப் போகுதும்மா, விடு" என்றாள் மகள் வனெட்டா. அவள் மேசையில் உட்கார்ந்து சோளரொட்டி மாவைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒரு மணல் போதும். உன் சித்தி பல்லுல நறுக்குன்னு பட்டா முப்பது வருஷத்துக்குச் சொல்லிக் காட்டுவா."

"முப்பது வருஷமா சொல்லிக் காட்டிக்கிட்டிருக்கிறது நீதான். சித்தி இந்த வீட்டுல வாயத் திறந்து நான் பாத்ததே இல்ல."

"திறக்க மூஞ்சி இருந்தாத்தானே" என்று ஐசோலா கீரைக் கட்டை உதறினாள். தண்ணீர் ஜன்னல்வரை தெறித்தது.

ஒரு மணிக்கு சிக்காகோவிலிருந்து ரெக்கார்டு கம்பெனிக்காரர் வருகிறார். முப்பது வருஷத்துக்கு முன்னால் மெம்ஃபிஸில், புளூ ஹெரன் கிளப்பில், ஜனங்கள் ஆடிக்கொண்டும் குடித்துக்கொண்டும் இருக்கையில் அப்படியே பதிவுசெய்த இசைத்தட்டு ஒன்று. அதில் பாடகர் கிடையாது. கிட்டார், பேஸ், டிரம், ஆர்கன், அவ்வளவுதான். அதை இப்போது சிடியாகப் போடப் போகிறார்கள். கூடவே ஒரு சின்னப் புத்தகமும் வருமாம். அதற்காக அக்கா தங்கை இருவரையும் ஒன்றாகப் பார்க்கவேண்டும் என்று அவர் போனில் கேட்டிருந்தார். "பாக்கலாம், என் வீட்டுல வச்சு" என்று ஐசோலா சொல்லிவிட்டாள். மற்றதற்கெல்லாம் அவள் விட்டுக்கொடுக்கத் தயார். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு வரி. அந்தப் புத்தகத்தில், உலகம் படிக்கும்படி, அச்சில்: அந்த ஆர்கனின் சத்தம் ஐசோலாவுடையது.

அவளும் தங்கையும் பிறந்தது மெம்ஃபிஸின் இதே ஆரஞ்ச் மவுண்ட் பேட்டையில், நாலு தெரு தள்ளி. ஐசோலாவுக்குப் பதினோரு வயதில் அவர்களுடைய சர்ச்சில் ஒரு ஆர்கன் வாங்கிப் போட்டார்கள். வாசிக்க ஆள் வாங்கவில்லை. அதைத் துடைக்கும் வேலை அவளுக்கு. துடைத்துத் துடைத்தே வாசிக்கக் கற்றுக்கொண்டாள். நாலு வயது இளையவளான வெர்னெலைப் பக்கத்தில் உட்காரவைத்து, விரல் வைக்கும் இடம், கால் மிதிக்கும் இடம் எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை. அது குமிழ்கள்.

ஆர்கனின் நெற்றியில் ஒன்பது இழுகுமிழ்கள் வரிசையாக இருக்கும். எதை எவ்வளவு வெளியே இழுக்கிறோமோ, அதற்கேற்ப ஒலி கனக்கும், மெலியும், கூர்மையாகும். விரல் வித்தை எல்லோருக்கும் பொது. குமிழ் அவரவர் சொந்தம். மெம்ஃபிஸில் இறைச்சி சுடுகிறவன் தன் மசாலாவைப் பெண்டாட்டிக்கும் சொல்லமாட்டான். அதேபோல ஆர்கன்காரர்கள் வாசித்து முடித்ததும் எழுந்திருக்குமுன், ஒன்பதையும் உள்ளங்கையால் ஒரே தள்ளாகத் தள்ளி மூடிவிடுவார்கள். அடுத்து உட்காருகிறவன் பார்த்துவிடக் கூடாது. ஐசோலா இதில் மற்றவர்களைவிட ஒரு படி மேல். கோயிலில், போதகர் ஆசீர்வாதம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மூடுவாள். எல்லாரும் கண்ணை மூடியிருக்கும் நேரம் அதுதானே.

இருபத்தைந்து வயதில் கிளியோத்தா பிளெட்ஸோவைக் கல்யாணம் செய்துகொண்டாள். பகலில் டயர் தொழிற்சாலை, இரவில் டிரம். அவனும் கிட்டார் ஹாஸ்கெல் டேட்டும் ஒரு பேஸ்காரனும் புளூ ஹெரனில் பாடகர்களுக்குப் பின்னணி வாசித்தார்கள். ஐசோலா ஆர்கனில் சேர்ந்தாள். கொஞ்ச நாளில் ஒரு விஷயம் புரிந்தது. பாடகர் தண்ணீர் குடிக்கப் போகும்போதுதான் கூட்டம் அதிகமாக ஆடியது. கல்யாணமாகி நாலாவது வருஷம் கோடையில் ஒரு கம்பெனி தன் ஒலிப்பதிவு வண்டியை அனுப்பியது. ஒரே வெள்ளிக்கிழமை. அதில் கிடைப்பதுதான் தட்டு.

ஐசோலாவுக்கு மாதம் நெருங்கியிருந்தது, இன்னும் மூன்று வாரம் என்று கணக்கு. வயிறு இடிக்காமல் இருக்க நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, கையை நீட்டி வாசித்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு வண்டிக்காரர்கள் சத்தம் சரிபார்க்க வாசிக்கச் சொன்னார்கள். மெதுவான பாட்டு நடுவில் பனிக்குடம் உடைந்தது. கிளியோத்தா குச்சிகளைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். ஹாஸ்கெலின் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். கார் லாமார் சாலையில் திரும்பும்போதுதான் அவளுக்கு உறைத்தது. "குமிழை மூடல! நான் குமிழை மூடல!" என்று கத்தினாள். "பிள்ளையப் பெக்கப் பாருடி, குமிழப் பத்தி என்ன" என்றானாம் கிளியோத்தா. அவளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு அவன் கிளப்புக்குத் திரும்பினான். அந்தக் காலத்தில் அப்பன்களை உள்ளே விடமாட்டார்கள். எப்படியும் வெளியே உட்கார்ந்து நகம் கடிப்பதற்குப் பதில் டிரம்மாவது அடிக்கலாமே.

ஆர்கனில் வெர்னெல் உட்கார்ந்தாள்.

ஒருவர் வரமுடியாவிட்டால் பதிலாள் வாசிப்பது அந்தத் தொழிலில் அன்றாடம். பதிலாள் வாசித்துவிட்டுப் போவார். மறுநாள் நாற்காலி உரியவருக்கு. யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் இசைத்தட்டில் பதிலாள் என்று ஒன்று கிடையாது. அட்டையில் பேர் ஏறிவிட்டால் ஏறியதுதான். வனெட்டா இரவு பத்து நாற்பதுக்குப் பிறந்தாள். ஐசோலா கணக்குப் போட்டு வைத்திருந்தாள், அந்த நிமிஷம் கிளப்பில் என்ன வாசித்திருப்பார்கள் என்று: தட்டின் இரண்டாம் பக்கம், அந்த மெதுவான பாட்டு, நடுவில் ஆர்கன் தனியாகப் போகிற இடம். தான் ஆஸ்பத்திரியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோது கிளப்பில் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த இடத்தை மெம்ஃபிஸில் அறியாதவர் இல்லை. அடியில் ரயில் தூரத்தில் வருவதுபோல் ஒரு கனத்த ஒலி. அதற்கு மேலே, வெகு மேலே, யாரோ தெருமுனையில் தனக்குத்தானே சீட்டியடிப்பதுபோல் மெல்லிய இன்னொன்று. அந்தச் சீட்டிதான் தட்டை விற்றது. முடிதிருத்தும் கடையில், மீன் வறுக்கும் கடையில், திறந்த ஜன்னல்களில் எல்லாம் அதுதான். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு ஐசோலா அதைப் பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து கேட்டாள். தன் வீட்டில் அதை ஓட விட்டதில்லை. கிளியோத்தா தன் பிரதியைச் சட்டைகளுக்கு அடியில் வைத்திருந்தான்.

"நான் திறந்துவச்ச குமிழ்ல உக்காந்து வாசிச்சிருக்கா. என் சத்தம் அது" என்றாள் அவனிடம்.

"மூடித்தான் இருந்துச்சு ஐசோலா. ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததும் மொத வேலையா நானே என் கையால மூடினேன். நீ கார்ல கத்தின கத்துக்கு மூடாம இருப்பேனா?"

"மச்சினிச்சிக்கு வக்காலத்தா?"

அவள் கையில் அப்போது ஒரு உருளைக்கிழங்கு இருந்தது. அது அவன் காதோரம் போய்ச் சுவரில் பட்டது. கிளியோத்தா குனிந்து அதை எடுத்து, துடைத்து, மேசையில் வைத்தான். அதற்குப் பிறகு சாகும்வரை இருபத்திரண்டு வருஷம் அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து அவள் கோயில் ஆர்கனுக்குத் திரும்பினாள். தன் சத்தத்தைத் தேடினாள். முதல் மூன்று குமிழ் முழுக்க, நடுவில் ஐந்தும் மூடி, கடைசியில் ஒன்பதாவது மட்டும் ஒரு விரல்கடை. வந்துவிட்டது சீட்டி. சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "அச்சு அசல் ரெக்கார்டுல கேட்ட மாதிரியே இருக்கு சிஸ்டர்" என்று ஒரு மூப்பர் சொன்னார்.

"ரெக்கார்டுதான் என்னை மாதிரி இருக்கு" என்றாள் ஐசோலா.

கிளப்புகள் ரெக்கார்டில் வாசித்த ஆளைத்தான் கேட்டன. வெர்னெல் இரண்டு வருஷம் ஊர் ஊராகப் போனாள். செயின்ட் லூயி, டெட்ராய்ட், ஒரு தடவை நியூயார்க். ஐசோலா பள்ளிக்கூடச் சமையலறையில் சேர்ந்தாள், இருபத்தாறு வருஷம். பிறகு ஹாஸ்கெல் குடித்துக் கெட்டான், குழு கலைந்தது, வெர்னெலும் திரும்பிவந்து முடி அலங்காரக் கடை வைத்தாள். ஒரு கஷ்டத்தில் தன் ஆர்கனை விற்றாள். அக்காவின் கோயிலில் ஒரு முறை கேட்டாள், ஈஸ்டர் அன்று ஒரே ஒரு பாட்டு வாசிக்கட்டுமா என்று. ஐசோலா கேட்காததுபோல் இருந்துவிட்டாள். அந்த வாரத்திலிருந்து வெர்னெல் வேறு சபைக்குப் போகிறாள். அங்கே ஆர்கன் கிடையாது, பியானோதான். அதையும் அவள் தொடுவதில்லை என்று கேள்வி.

இவ்வளவுக்குப் பிறகும் போன வருஷம் ஜப்பானிலிருந்து ஒருத்தன் வந்து, முடிக்கடையில் தலைக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவில் நின்று, வெர்னெலிடம் அட்டையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். குனிந்து குனிந்து கும்பிட்டானாம். ஐசோலா அன்று பூராவும் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றாள்.

---

வெர்னெல் பன்னிரண்டரைக்கே வந்துவிட்டாள். ஊதா நிறத் தொப்பி, கையில் ஒரு பாத்திரத்தில் அவளே சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு 'பை' என்ற இனிப்பு. ஐம்பத்தைந்து வயதுக்கு இடுப்பு அப்படியே இருந்தது. ஐசோலா முதலில் பார்த்தது அதைத்தான்.

"தொப்பி புதுசா?"

"பழசுதான்க்கா. ரிப்பன் புதுசு."

"சனிக்கிழமையும் தொப்பியா? போட்டோ எடுப்பாங்கன்னு யாராவது சொன்னாங்களா?"

"தலை வாரல. அதான்."

"முடிக்கடைக்காரி தலை வாரல. இத எழுதச் சொல்லு அந்த ஆளை" என்றாள் ஐசோலா வனெட்டாவைப் பார்த்து. வெர்னெல் சிரித்தாள். அவள் எதற்கும் சிரித்துவிடுவாள். அந்தச் சிரிப்பும் ஐசோலாவுக்கு ஆகாது. கல்லை எறிந்தால் குளம் மாதிரி விழுங்கிக்கொள்கிறவளிடம் எப்படிச் சண்டை போடுவது?

கம்பெனிக்காரர் பேர் வெண்டெல் ஓக்ஸ். நாற்பது நாற்பத்தைந்து வயது, நம்ம ஆள்தான், கறுப்பர், அப்பா வழி மிசிசிப்பி. கையில் ஒரு டேப் பெட்டியும் நோட்டும். "மிஸ் ஐசோலா", "மிஸ் வெர்னெல்" என்று மரியாதையாகப் பேசினார், கீரையை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார், கீரை வெந்த சாற்றில் சோளரொட்டியைத் தோய்த்தும் சாப்பிட்டார். ஐசோலாவுக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. ஆனால் வெர்னெலின் பை வந்ததும் அவர் மூன்று துண்டு சாப்பிட்டார். அதை அவள் எண்ணிக்கொண்டாள்.

சாப்பாட்டுக்கு நடுவில்தான் அவர் கேட்டார். "மிஸ் வெர்னெல், எல்லாரும் என்னைக் கேக்கிற கேள்வி. அந்தச் சீட்டி. அன்னைக்கு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

வெர்னெல் முள்கரண்டியை வைத்துவிட்டு வாயைத் துடைத்தாள். அவள் வாய் திறக்குமுன் ஐசோலா முந்தினாள்.

"கண்டுபிடிக்க என்ன இருக்கு தம்பி? நான் குமிழைத் திறந்து வச்சபடியே பிரசவத்துக்குப் போனேன். இவ வந்து உக்காந்தா. ஆக்கி வச்சது நான், பரிமாறினது இவ. நான் பொய் சொல்றேனா, கேட்டுக்கோங்க. எதிர்லதான உக்காந்திருக்கா."

 வனெட்டா தேநீர்க் குவளையை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்து, மறுபடி உட்கார்ந்தாள். இந்த ஒரு வார்த்தையை வெர்னெலின் முகத்துக்கு நேரே சொல்ல ஐசோலா முப்பது வருஷம் காத்திருந்தாள். அவள் என்ன சொல்வாள், அதற்குத் தான் என்ன சொல்வது, அதற்கு அவள், என்று பாத்திரம் கழுவும்போதெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தாள். பதினேழு பதில் கைவசம் இருந்தது.

வெர்னெல் தட்டில் இருந்த ஒரு சோளரொட்டித் துணுக்கை விரலால் ஒற்றி எடுத்தாள்.

"அக்கா சொல்றது சரிதான். எழுதிக்கோங்க."

அவ்வளவுதான். உப்பை இந்தப் பக்கம் தள்ளுவதுபோல். தாழ் போட்டிருக்கிறது என்று நினைத்துத் தோளால் மோதின கதவு, தாழே இல்லாமல் திறந்துகொண்டால் எப்படியோ, அப்படி இருந்தது ஐசோலாவுக்கு.  வெண்டெல் ஓக்ஸ் நோட்டில் எழுதினார். எழுதும் சத்தம் கேட்டது. கிடைத்துவிட்டது. ஆனால் சந்தோஷம் வர ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படின்னா இதை நீங்க ரெண்டு பேரும் கண்டிப்பா கேக்கணும்" என்றார் அவர் உற்சாகமாக. டேப் பெட்டியை மேசைமேல் தூக்கி வைத்தார். "கம்பெனிக் கிடங்குல இன்னொரு சுருள் கிடைச்சுது. மேல 'வெள்ளி, மாலை, சோதனை'ன்னு மட்டும் எழுதியிருக்கு. வாசிச்சவங்க பேரு இல்ல. வண்டிக்காரங்க சத்தம் பாத்தபோது சுருளையும் ஓட விட்டிருக்காங்க. அதுல ஆர்கன் நீங்கதானே மிஸ் ஐசோலா? சிடில கூடுதலா சேக்கலாம்னு இருக்கோம்."

 ஐசோலா கையை மேலாடையில் துடைத்துக்கொண்டாள். அந்தச் சாயங்காலம் ஒரு டேப்பில் இருக்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

அவர் பொத்தானை அழுத்தினார். முதலில் இரைச்சல். நாற்காலி இழுபடும் சத்தம். யாரோ ஒன்று இரண்டு எண்ணினார்கள். "கிளியோத்தா, அந்தத் தாளத்தட்டை மெதுவா" என்று ஹாஸ்கெல். "மெதுவா அடிக்கத் தெரிஞ்சா நான் ஏன்டா டயர் கம்பெனிக்குப் போறேன்" என்றது ஒரு குரல். வனெட்டா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்பா" என்றாள். எட்டு வருஷம் ஆகியிருந்தது அந்தக் குரலைக் கேட்டு.

பிறகு அந்த மெதுவான பாட்டு தொடங்கியது. கிட்டார், பேஸ், டிரம். நாலாவது சுற்றில் ஆர்கன்.

ஐசோலா தன் விரல்களை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். இடது கையில் அந்தச் சின்ன இழுப்பு, அது அவளுடையது, கோயிலில் வந்தது. அடியில் கனத்த ஒலி. நல்ல ஒலி. அதற்கு மேல் வரவேண்டிய சீட்டிக்காக அவள் காத்திருந்தாள்.

அது வரவில்லை.

இன்னும் ஒரு சுற்றில் வரும் என்று நினைத்தாள். தலையைச் சாய்த்து, காதைப் பெட்டிப் பக்கம் கொடுத்துக் கேட்டாள். நாற்பத்தெட்டு வருஷம் ஆர்கனோடு வாழ்ந்தவளுக்கு யாரும் குமிழைக் காட்டவேண்டியதில்லை. காதே பார்த்துவிடும். முதல் இரண்டும் முழுக்க. மூன்றாவது பாதி. நாலாவது முழுக்க. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. எட்டாவது மூடி, ஒன்பதாவது மூடி. வெதுவெதுப்பான, அகலமான, ஞாயிற்றுக்கிழமைச் சத்தம். எந்தச் சபையிலும் கேட்கக்கூடியது. யாரும் குறை சொல்லமுடியாத வாசிப்பு. தெருவில் போகிறவனை நிற்கவைக்கிற வாசிப்பு அல்ல.

முதல் மூன்று முழுக்க, கடைசி ஒன்று விரல்கடை. அது எங்கிருந்து வந்தது? பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து வந்தது. மடியில் பிள்ளையோடு அவள் கேட்டுக் கேட்டு, கோயில் ஆர்கனில் தேடித் தேடி எடுத்தது. எடுத்து, தன்னுடையது என்று பேர் வைத்து, முப்பது வருஷமாக ஒவ்வொரு ஆசீர்வாதத்தின்போதும் உள்ளங்கையால் மூடி, திருடுபோகாமல் காத்தது.

மூடித்தான் இருந்துச்சு ஐசோலா. நானே என் கையால மூடினேன்.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது, எதிரில் வெர்னெல் கையை மடியில் வைத்துக்கொண்டு மேசைவிரிப்பின் பூவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று. வெர்னெலின் காதும் அதே ஆர்கனில் வளர்ந்த காதுதான். வளர்த்தது யார்?

டேப்பில் ஆர்கன் திடீரென்று ஒரு சுரத்தில் நின்று அலறியது. நாற்காலி விழுந்தது. "கிளியோத்தா!" என்று ஒரு கூச்சல். ஓடும் காலடிகள். "பிள்ளை! பிள்ளை வந்துருச்சு!" என்று யாரோ. பிறகு இரைச்சல்.

"இந்த இடம்தான் புரியல" என்றார் வெண்டெல் ஓக்ஸ். "மைக் விழுந்துதா?"

"அது நான்" என்றாள் வனெட்டா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "என் மொத ரெக்கார்டிங்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். வெர்னெலும் சிரித்தாள். ஐசோலாவும் உதட்டை இழுத்து வைத்தாள், எல்லாரும் சிரிக்கும்போது சும்மா இருந்தால் கவனிப்பார்கள். கம்பெனிக்காரருக்குக் காது இல்லை, நல்லவேளை. கையெழுத்துக்கும் கதைக்கும்தான் அலைகிறவர். இரண்டு ஆர்கனும் ஒன்றுபோலத்தான் அவருக்கு.

"நான் எழுதினதைப் படிக்கிறேன், சரியான்னு சொல்லுங்க" என்றார். "'இந்தத் தட்டின் புகழ்பெற்ற ஒலியை உருவாக்கியவர் ஐசோலா பிளெட்ஸோ. அவர் அமைத்து வைத்துவிட்டுப் போன குமிழ்களில்தான் தங்கை வெர்னெல் வாசித்தார்.' சரிதானே மிஸ் ஐசோலா?"

சரி என்றால் தீர்ந்தது. வெர்னெல் வாய் திறக்கமாட்டாள். அது நிச்சயம். அந்த நிச்சயம்தான் அவளைக் குத்தியது. தட்டையும் எடுத்துக்கொண்டாள், புருஷனோடு உட்கார்ந்து வாசித்த அந்த ராத்திரியையும் எடுத்துக்கொண்டாள், ஜப்பான்காரனையும் எடுத்துக்கொண்டாள். இப்போது பெருந்தன்மையையும் அவளே எடுத்துக்கொள்வாளா?

"சத்தத்தைப் பத்தி ஒண்ணும் எழுதாதே தம்பி" என்றாள்.  "அதை அடிச்சிரு. சாயங்காலம் வாசிச்சது நான்னு போடு. ராத்திரி வாசிச்சது வெர்னெல்னு போடு. யாருது யாருதுன்னு ஜனங்களுக்கு எதுக்கு?"

"ஆனா மிஸ் வெர்னெலே ஒத்துக்கிட்டாங்களே—"

"அடிச்சிருன்னு சொன்னேன். பை இன்னொரு துண்டு கட்டித் தரவா?"

அவர் அடித்தார். ஐசோலாவுக்குத் தெரியும், இது உண்மை சொல்வது ஆகாது. பொய்யை நிறுத்துவது, அவ்வளவுதான். பாதி தூரம். மீதிப் பாதிக்கு அவளிடம் கால் இல்லை.

---

வனெட்டா அவரைக் கார்வரை கொண்டுபோய்விடப் போனாள். வெளியில் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள், அப்பாவின் குரலுக்கு ஒரு பிரதி கிடைக்குமா என்று அவள் கேட்பது ஜன்னலில் கேட்டது. அக்காவும் தங்கையும் சமையலறையில் இருந்தார்கள். வெர்னெல் தன் பை பாத்திரத்தைத் தானே கழுவினாள். ஐசோலா கீரைச் சட்டியைத் தேய்த்தாள். அடியில் ஒட்டியிருந்ததைக் கரண்டியால் சுரண்டும் சத்தம் மட்டும்.

"ஒரு மணல்கூட இல்லக்கா கீரையில" என்றாள் வெர்னெல்.

"நாலு தண்ணி."

"தெரியுது."

வெர்னெல் பாத்திரத்தைத் துணியால் துடைத்தாள். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்று ஐசோலா சட்டியைப் பார்த்தே கேட்டாள்.

"உன் சர்ச்சுல, நீ திரும்பி வந்து உக்காந்த மொத ஞாயித்துக்கிழமை. பின் வரிசையில இருந்தேன்."

முப்பது வருஷம். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஐசோலா இன்னும் அழுத்திச் சுரண்டினாள்.

"என்னவிட நல்லா இருந்துச்சுன்னு நினைச்சேன்" என்றாள் வெர்னெல். "கொஞ்ச நேரம்."

"கொஞ்ச நேரமா?"

வெர்னெல் சிரித்தாள். தொப்பியை எடுத்து, அடுப்பின் மேலிருந்த கண்ணாடி மூடியில் முகம் பார்த்து வைத்துக்கொண்டாள். கழட்டினது எப்போது என்று ஐசோலா கவனிக்கவில்லை. தலை நன்றாகத்தான் வாரியிருந்தது.

"அக்கா. நாளைக்கு நான் உன் சர்ச்சுக்கு வரட்டுமா? காணிக்கை எடுக்கிற நேரத்துல ஒரே ஒரு பாட்டு. இருபது வருஷமாச்சு நான் ஆர்கன்ல உக்காந்து. விடுவியா?"

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஐசோலா மனசுக்குள் கோயில் ஆர்கனின் நாற்காலியைப் பார்த்தாள், தன் உடம்பு பதிந்து பள்ளமான அந்த மெத்தையை. அதில் வெர்னெல் ஏறி உட்காருவாள். முதல் மூன்றை இழுப்பாள். ஒன்பதாவதை ஒரு விரல்கடை. கோயில் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். அந்தச் சத்தம் யாருடையது என்று இரண்டு வரிக்குள் தெரிந்துவிடும். சபையில் காது உள்ளவர்கள் நாலு பேராவது இருக்கிறார்கள். அதைவிட, அவள் நன்றாக வாசிப்பாள். இருபது வருஷம் தொடாவிட்டாலும் அவள் நன்றாகத்தான் வாசிப்பாள்.

சட்டி பளிச்சென்று ஆகிவிட்டது. ஐசோலா அதைக் கவிழ்த்து, நிமிர்த்தி, மறுபடி சோப்புப் போட்டாள்.

வெர்னெல் நின்றாள். கை தொப்பி ரிப்பனைத் தொட்டது, இறங்கியது. ஜன்னலுக்கு வெளியே கார் கிளம்பும் சத்தம் கேட்டது. பாத்திரத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மடித்த துணியைக் குழாயோரம் வைத்துவிட்டு, அவள் பின்கதவு வழியாகப் போனாள்.